கேலிக்கு 15 யார்டு தண்டனை போதுமா?

திருநகர் வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கால்பந்தை (பெயரில்தான் கால் இருக்கிறது) இரவு கண்விழித்துப் பார்ப்பவன் நான். கீழே விழுந்து கிடந்தவரின் முகத்துக்கு நேரே விரலை ஆட்டிய ஒரு தடுப்பாட்டக்காரருக்காக நடுவர் குற்றத்தைக் குறிக்கும் மஞ்சள் துணியை வீசினார். அணிக்கு 15 யார்டு தண்டனை கிடைத்தது, அதாவது பந்து அவ்வளவு தொலைவு எதிரணிக்குச் சாதகமாக நகர்த்தப்பட்டது. கேலி செய்தவரோ எதிரணியின் அடுத்த முயற்சிக்கே வந்து நின்றார். ஒருவர் செய்த பிழைக்குப் பதினொருவரும் சுமப்பது முறையா?

மேலூர்க் கபடி நடுவர்:
ஐயா, 4 முயற்சிகளில் 10 யார்டு கடக்க வேண்டிய ஆட்டத்தில் 15 யார்டு சிறிதன்று. தடுக்கும் அணி தவறினால் எதிரணிக்குப் புதிதாக 4 முயற்சிகளும் கிடைத்துவிடும். என்.எஃப்.எல். (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்) போட்டிகளில் கேலி, வசவு போன்ற குற்றத்தை ஒரே ஆட்டத்தில் இருமுறை செய்பவரை வெளியேற்றும் விதி 2016 முதல் இருக்கிறது. எனக்குக் குறையாகத் தெரிவது வேறு. கோல் கோட்டுக்கு 4 யார்டு தொலைவில் பந்து இருக்கும்போது தடுப்பவர் கேலி செய்தால், மீதித் தொலைவில் பாதி, அதாவது 2 யார்டுதான் தண்டனை. நடு மைதானத்தில் 15, இங்கே 2 என்றால் அது என்ன கணக்கு?

கபடியில் பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் அட்டைக்கு 2 நிமிடம் வெளியே, சிவப்புக்கு ஆட்டம் முடியும்வரை வெளியே. எங்கள் பக்கத்து ஊர்ப் போட்டி ஒன்றில், பிடிக்க வந்து விழுந்தவரின் முகத்துக்கு நேரே குனிந்து தொடை தட்டிய ரைடரை நான் வாய்மொழியாகக் கண்டித்ததோடு விட்டுவிட்டேன். முன்பு விழுந்தவர் அடுத்த ரைடில் அந்த ரைடருடைய கணுக்காலைப் பிடித்து முறுக்கிவிட்டார். முதலிலேயே அட்டையை எடுக்காதது என் தவறு. தன் கூட்டத்தைப் பார்த்துத் தொடை தட்டுவது ஆட்டத்தின் அழகு. எதிரியின் முகத்தைப் பார்த்துத் தட்டுவது வம்பு.

கூடல்நகர் ரசிகர்:
அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் போட்டிகளில் விதி இன்னும் கடுமையானது. பந்தோடு ஓடுபவர் கோல் கோட்டைத் தாண்டும் முன்பே எதிரணியைக் கேலி செய்தால், 2011 முதல் அந்த டச் டவுனே (கோட்டைத் தாண்டிப் பெறும் புள்ளிகள்) செல்லாது. கேலி செய்த இடத்திலிருந்து 15 யார்டு பின்னால் போக வேண்டும். மற்றவர்கள் முட்டி மோதி வழி திறந்துகொடுத்த உழைப்பை ஒருவருடைய செருக்குக்காக அழிப்பது மிகை என்பேன். ஹாக்கியில் பச்சை அட்டைக்கு 2 நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது 5 நிமிடம், அணி ஓர் ஆள் குறைவாக ஆடுகிறது. அதை அமெரிக்கக் கால்பந்திலும் கொண்டுவரலாமே?

மேலூர்க் கபடி நடுவர்:
அது பொருந்தாது. பதினொருவருக்கு எதிராகப் பத்துப் பேர் நின்றால், பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணிக்காரர் ஒருவரைத் தடுக்க ஆளிருக்காது. கேலிக்கு விலை ஒரு டச் டவுன் என்றாகிவிடும். அங்கே மாற்று ஆட்டக்காரருக்கு வரம்பு இல்லாததால், அவருக்குப் பதிலாக ஒருவரை இறக்கிக்கொள்ள விட்டு, குற்றவாளியை மட்டும் பந்து மற்ற அணியின் வசம் போகும்வரை உட்காரவைக்கலாம். இடத்துக்கு இடம் மாறும் யார்டுக் கணக்கைவிட அது அவருக்கு உறைக்கும்.

திருநகர் வாசகர்:
ஏற்கிறேன், ஆனால் 15 யார்டையும் எடுத்துவிடக் கூடாது. நட்சத்திர ஆட்டக்காரரை அடக்கப் பயிற்சியாளருக்கு இருக்கும் ஒரே காரணம் அதுதான்.