தீபாவளி முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிடாதீர்கள்

"அக்கா, லீட்ஸ் வந்து மூணு மாசம் ஆச்சு. தீபாவளிக்குக் கட்டின தோரணத்தையும் சீரியல் செட்டையும் கழற்றினதும் வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. என்ன செய்யலாம்?" என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். அவருக்கும், புதிதாக வந்திருக்கும் மற்றவர்களுக்கும் இது.

நானும் ஒன்பது வருஷமாக இங்கிலாந்தில், அதே லீட்ஸில்தான். இப்போது அம்மாவைப் பார்க்கக் கோத்தகிரி வந்திருக்கிறேன். கண்ணாடி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். நவராத்திரி, தீபாவளி, திருக்கார்த்திகை, மார்கழி, பொங்கல் என்று நம் பண்டிகைகள் வரிசையாக வரும் மாதங்களும் இங்கிலாந்தின் இருட்டு மாதங்களும் ஒன்றுதான். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். அதனால் பண்டிகைக்குப் பண்டிகை புதிதாக வாங்க வேண்டாம். வருஷம் முழுக்க நிற்கக்கூடிய சிலவற்றை வீட்டில் நிலையாக வைத்துவிட்டு, அதன் மேல் ஒரு பூவையோ விளக்கையோ மட்டும் மாற்றுங்கள்.

சீரியல் செட்டை ஊரிலிருந்து கொண்டு போகாதீர்கள். இங்கிலாந்தில் ப்ளக் வேறு; கனடா, அமெரிக்காவில் மின்சாரமே 120 வோல்ட். அங்கேயே வாங்குங்கள், பெட்டியில் 2700 கெல்வின் என்று போட்டிருக்கும் மஞ்சள் ஒளியாகப் பார்த்து. ஜன்னலைச் சுற்றிக் கட்டினால் அது பண்டிகை விளக்கு. புத்தக அலமாரியின் தட்டுக்குப் பின்னால் விட்டால் பிப்ரவரியிலும் எரியலாம்.

கோலத்துக்குப் பலகைதான் சரி. அபார்ட்மென்ட் காரிடார் பொது வழி, மாவு போட்டால் புகார் வரும். ஒன்றரை அடி மரப்பலகைக்குக் காவி நிறத்தில் இரண்டு கோட் பெயின்ட் அடித்து, காய்ந்ததும் வெள்ளை அக்ரிலிக்கில் கோலம் போடுங்கள். என்னுடையது 7 புள்ளி, இடுக்குப் புள்ளி 4 வரை. கார்த்திகையில் அதன் நடுவே அகல் இருக்கும், பொங்கலன்று பானை. மற்ற நாளெல்லாம் கதவருகே சாவிக் கிண்ணம். மூன்று வீடு மாறியும் அந்தப் பலகை கூடவே வருகிறது.

துணி மாட்டும்போது கவனம். முதல் குளிர்காலத்தில் அம்மாவின் பட்டுப்புடவையை வீட்டுக்குள் வெளிச்சுவரை ஒட்டி மாட்டினேன். பொங்கலுக்கு எடுத்தால் பின்பக்கமெல்லாம் கறுப்புப் புள்ளி, பூஞ்சணம். இட்லி ஆவியும் உள்ளே காயப்போட்ட துணியின் ஈரமும் சில்லென்ற சுவரில் போய்த் தங்கிவிடுகின்றன. ஆடி மழையில் அம்மா பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பார். அதே வழக்கம் அங்கேயும் தேவை. பட்டு வேண்டாம் என்றே சொல்வேன். எனக்குப் பிடித்தது தோடர் எம்பிராய்டரி சால்வை. வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்புமாக நூல் வேலை. 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. சோபாவின் முதுகில் போட்டால் கிறிஸ்துமஸுக்கும் பொருந்தும், சித்திரைக்கும் பொருந்தும்.

அப்புறம் செடி. இப்போது எதிரே வேலியோரம் பாயின்செட்டியா ஆள் உயரத்துக்கு மேல் சிவந்து நிற்கிறது. சிவப்பெல்லாம் இலைதான், நடுவில் மஞ்சள் பொட்டாக இருப்பதே பூ. அங்கே டிசம்பரில் சின்னத் தொட்டியில் விற்பதும் இதே செடி. ஜனவரியில் இலை கொட்டியதும் பலர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள், பார்க்கவே மனசு கேட்காது. கடையிலிருந்து வரும்போதே காகிதம் சுற்றி எடுத்து வாருங்கள், குளிர்காற்று பட்டால் வாடிவிடும். 13 டிகிரிக்குக் கீழே போகாத இடத்தில் வையுங்கள். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர். ஏப்ரலில் 10 சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிடுங்கள். பால் கையில் பட்டால் அரிக்கும், கையுறை போடுங்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து சுமார் இரண்டு மாதம், மாலை 6 முதல் காலை 8 வரை அட்டைப்பெட்டியால் மூடுங்கள். பகலில் நல்ல வெளிச்சம் வேண்டும். மலையில் இதை யாரும் மூடுவதில்லை, இரவு நீண்டதும் தானே சிவக்கிறது. அங்கே நம் வீட்டு விளக்கு வெளிச்சம்தான் அதைச் சிவக்கவிடாமல் செய்கிறது. என் செடிக்கு இது நாலாவது வருஷம்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் மாவிலை, பைன் காய், உலர் பூ எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். செடி, இலை சம்பந்தப்பட்ட எதுவானாலும் இறங்கியதும் அறிவித்தாக வேண்டும். சாம்பிராணி போடுகிறவர்கள் புகை அலாரத்தை மறக்க வேண்டாம், ஜன்னலைத் திறந்துவிட்டுப் போடுங்கள்.

பொங்கல் முடிந்துதான் லீட்ஸ் திரும்புகிறேன். இந்த வாரம் ஊட்டி போகிறேன். தோடர் சால்வை வேண்டுமென்றால் சொல்லுங்கள் தங்கச்சி, கொண்டு வருகிறேன்.