உலக வரைபட நிரலில் நம் கடற்கரை நேர்கோடாவது ஏன்?

கேள்வி (கும்பகோணம்):
அனைவருக்கும் வணக்கம். ஓய்வு நேரத்தில் பைத்தானில் நான் எழுதிவரும் உலக வரைபட நிரல், நேச்சுரல் எர்த் தளம் இலவசமாகத் தரும் கடற்கரைத் தரவைப் படித்து, உருண்டை உலகைத் தட்டையாக வரையும் முறைகளில் ஒன்றான மெர்கேட்டர் முறையில் வரைகிறது. உலகம் நன்றாகவே வருகிறது. பெரிதாக்கினால் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கோடியக்கரை வரை ஒரே நேர்கோடாக நிற்கிறது. மெர்கேட்டரை மாற்றினால் சரியாகுமா?

பதில் (மயிலாடுதுறை):
ஆகாது ஐயா. தாங்கள் எடுத்திருப்பது 1:11 கோடி அளவுத் தரவாக இருக்க வேண்டும். அதில் 1 செ.மீ. என்பது 1,100 கி.மீ. ஆதலால், டெல்டாக் கரை முழுவதும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்குள் ஒடுங்கிவிடுகிறது. அத்தளத்திலேயே உள்ள 1:1 கோடி அளவுக் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். ஆறுகளுக்குத் தனிக் கோப்பு உண்டு.

பதில் (நாகப்பட்டினம்):
மேலே சொன்னது சரியே. ஆனாலும் மெர்கேட்டரை விட்டுவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கடலோடிகளுக்காக 1569இல் வந்த அம்முறையில், நம் 11 பாகை அட்சத்தில் நீளம் 2 விழுக்காடுதான் மிகும். 60 பாகையில் அது இரு மடங்காகி, பரப்பு நான்கு மடங்காகிறது. மாணவர்கள் பார்க்கும் படமென்றால், பரப்பும் வடிவமும் அவ்வளவாகத் திரியாத வின்கெல் டிரிப்பெல் முறையில் வரையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கோப்பை மாற்றியதும் கோடியக்கரையின் திருப்பம் தெளிவாக வந்துவிட்டது. வின்கெல் டிரிப்பெல் சமன்பாடுகளை இனிதான் எழுத வேண்டும்.