பத்தாம் வகுப்பு மகள் சாப்பாட்டை ஒதுக்குகிறாள், என்ன செய்வது?

அம்பை தையல்காரி:
அம்பாசமுத்திரத்தில் பதினாறு வருடமாகப் பெண்களுக்குத் துணி தைக்கிறேன். ஜூனில் பள்ளி திறந்தபோது மகளுக்கும் சீருடை தைத்தேன். ஆயுத பூஜை விடுமுறையில் அதே சுடிதாரை இரண்டு அங்குலம் பிடிக்க வேண்டியதாயிற்று. வளரும் பிள்ளைக்குத் துணியைப் பிரித்துவிடுவதுதான் வழக்கம். பிடித்தது இதுவே முதல் தடவை.

காலையில் சாப்பிடுவதில்லை. மத்தியானச் சோறு பாதி டப்பாவில் திரும்பி வருகிறது. சொதி வைத்தால் தட்டை வழித்துச் சாப்பிட்டவள், இப்போது தேங்காய்ப்பால் கொழுப்பு என்று தள்ளிவைக்கிறாள். இரவில் போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சம். எட்டிப் பார்த்தால், ஒட்டிய வயிறும் பளபளக்கும் முகமுமாகப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருக்கிறார்கள். அவள் போட்ட படத்தின் கீழே வகுப்புப் பையன் ஒருவன் "கரிச்சட்டி" என்று எழுதினானாம். தோழி சொல்லித்தான் எனக்கே தெரியும். மூக்கு அகலம் என்று கண்ணாடி முன் நின்று அழுகிறாள். அது என் அம்மாவின் மூக்கு, எனக்கும் அதே மூக்குதான். அவள் அழும்போது என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கைப்பேசியைப் பிடுங்கிவிடலாம் என்கிறார் அவள் அப்பா. பிடுங்கினால் சரியாகிவிடுமா?

பாளை செவிலியர்:
அக்கா, கைப்பேசி இருக்கட்டும், முதலில் உடம்பைப் பாருங்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். நின்றிருந்தாலோ தலைசுற்றல் இருந்தாலோ நாள் கடத்த வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

பிடுங்காதீர்கள். அடுத்த முறை எவனாவது எதையாவது எழுதினால் உங்களிடம் சொல்லவே மாட்டாள். ஒன்பது மணிக்கு மேல் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசியும், அப்பாவுடையதும் சேர்த்து, தையல் மிஷின் மேல் இருக்கட்டும்.

முக்கூடல் கல்லூரி மாணவி:
அம்மா, அவள் பையில் ஏதாவது கிரீம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் நான் கைப்பேசியில் விளம்பரம் பார்த்து, முகம் வெளுக்கும் என்று ஒன்றை வாங்கிப் பூசினேன். முதல் மாதம் வெளுத்தது. பிறகு தோல் மெலிந்து சிவந்து, வெயிலில் எரிய ஆரம்பித்தது. ஸ்டீராய்டு கலந்தது என்று மருத்துவர் சொன்னார். தோல் தேற ஒரு வருடம் பிடித்தது.

மூக்கைப் பற்றி ஒன்று. கைப்பேசியை முகத்தருகே பிடித்தால், காதை விட மூக்கு கேமராவுக்கு நெருக்கமாக இருப்பதால் பெரிதாகிவிடும். 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கு, 5 அடியில் எடுத்ததைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் கணக்கிட்டுக் காட்டியிருந்தார்கள். இதை அன்றைக்கே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

அம்பை தையல்காரி:
என் டேப் சரியாக 60 அங்குலம், அதாவது 5 அடி. நேற்று இரவு ஒரு முனையை அவள் மூக்கருகே பிடிக்கச் சொல்லி, 12இல் ஒன்றும் 60இல் ஒன்றுமாகப் படம் எடுத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றி நெடுநேரம் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. விளக்கை அணைத்த பிறகுதான், இரண்டு மாதமாகத் தீட்டு வரவில்லை என்று சொன்னாள். கிரீமும் இருந்தது, அவளே எடுத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை ஹைகிரவுண்டு போகிறோம். அவள் அப்பாவும் வருகிறார்.