ஜெயித்த பிறகு நேரத்தை இழுத்தடிக்கும் எதிராளி: என்ன செய்யலாம்?

வணக்கம். சிங்கப்பூரில் ஒரு கடையில் வெள்ளிக்கிழமை மாலைகளில் மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு விளையாட்டை ஆடுகிறேன். மாடர்ன் என்ற ஆட்ட வகை, சுற்றுக்கு 50 நிமிடம், மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும்.

கடந்த ஆறு வாரத்தில் ஒரே ஆளிடம் மூன்று முறை மோதினேன். முதல் ஆட்டத்தை வேகமாக ஆடி ஜெயித்துவிடுவார். இரண்டாவதில் என் கை ஓங்கியதும் சீட்டு கலைப்பது நீளும், படித்த கார்டையே மறுபடி எடுத்துப் படிப்பார், ஆடி முடித்த கார்டுகள் கிடக்கும் கிரேவ்யார்டை ஒவ்வொன்றாகப் புரட்டுவார். நேரம் முடிந்து, கூடுதல் ஐந்து டர்னும் தீர்ந்து, 1-0 என்று சுற்று அவருக்குப் போய்விடும்.

"கொஞ்சம் சீக்கிரம் ஆடுங்களேன்" என்று அவரிடமே சொன்னேன். "யோசிக்கிறேன்" என்றார். கடைக்காரர், "விடுங்க, ஜாலியா ஆடத்தானே வர்றோம்" என்றார். போன வாரம் நடுவரைக் கூப்பிட்டேன். நடுவர் பக்கத்தில் நின்ற ஐந்து நிமிடமும் ஆட்டம் பறந்தது, நகர்ந்ததும் பழையபடி.

மெதுவாக ஆடுவது வேறு, வேண்டுமென்றே இழுப்பது வேறு. பெரிய போட்டிகளில் முன்னதற்கு எச்சரிக்கை, பின்னதற்குத் தகுதி நீக்கம். அதனால்தான் ஆதாரமில்லாமல் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் புதிதாக வந்த இரண்டு பள்ளிப் பையன்கள் அவரிடம் இப்படியே தோற்று, வருவதையே நிறுத்திவிட்டார்கள். அதுதான் வலிக்கிறது.

நடுவராக இருந்தவர்கள் சொல்லுங்கள்: அவர்மீது பழி போடாமல், இரண்டாவது ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே கவனிக்கும்படி நடுவரிடம் எப்படிக் கேட்பது?