பழைய வண்டி, காலையில் இருபது உதை

அப்பா ஓட்டிய 1998 மாடல் பைக். 100 சிசி, நாலு ஸ்ட்ரோக். அவர் போன பிறகு எட்டு மாதம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. எடுத்த அன்று சோக் (குளிர்ந்த வண்டிக்குக் காற்றைக் குறைக்கும் விசை) போட்டு இருபது உதை. சட்டை நனைந்ததுதான் மிச்சம். தெரிந்த மெக்கானிக், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டிக் கொடுத்தார். நாலு நாள் ஓடியது, மறுபடி அதே கதை. மூன்றாவது தடவை அவரிடம் போக எனக்கே கூச்சமாகிவிட்டது.

சரி, நாமே பார்ப்போம் என்று பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். அத்தனை உதைக்குப் பிறகும் முனை காய்ந்து கிடந்தது. பொறி நன்றாகவே வந்தது. அப்படியென்றால் பெட்ரோல்தான் வந்து சேரவில்லை. இதை முதல் நாளே பார்த்திருந்தால் புது பிளக், புது கேப் வாங்கிய காசாவது தப்பியிருக்கும்.

கார்பரேட்டர் அடியில் உள்ள டிரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரைப் பிடித்தேன் (வீட்டில் திட்டு வாங்கியது தனிக்கதை). செங்கல் பொடி மாதிரி துரு, கூடவே அடியில் உருண்டு ஓடும் தண்ணீர். டேங்கின் அடியில் உள்ள பெட்ரோல் டேப்பை (திறந்து மூடும் குழாய்த் திருகு) எப்போதும் ரிசர்விலேயே வைத்து ஓட்டுகிறவன் நான். ரிசர்வில் பெட்ரோல் இறங்குவது டேங்கின் அடிமட்டத்திலிருந்து. துருவும் தண்ணீரும் தங்குவதும் அங்கேதான். பைலட் ஜெட்டை (கார்பரேட்டருக்குள் பெட்ரோல் போகும் பொடித்துளைத் திருகு) வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டையே தெரியவில்லை. வயரிலிருந்து ஒற்றைச் செம்புக் கம்பியை உருவிக் குத்தினேன்.

காலையில் கிளம்பியது. ஆனால் ஆறு கிலோமீட்டரில் நின்றது. பத்து நிமிடம் விட்டால் ஒரே உதையில் எடுக்கிறது, மறுபடி நிற்கிறது. அடுத்த முறை நின்றபோது டேங்க் மூடியைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியில் காற்று போகும் பொடித்துளை அழுக்கில் அடைந்திருக்கிறது, அதனால்தான் பெட்ரோல் கீழே இறங்கவில்லை! ஊசியால் குத்தியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

*

அண்ணே, எனக்கு நேர் எதிர். பிளக் பெட்ரோலில் குளித்திருக்கும், காலையில் வண்டிக்குக் கீழே ஈரம். கார்பரேட்டரில் பெட்ரோல் நிறைந்ததும் வழியை அடைக்கும் ஊசியான ஃப்ளோட் நீடிலின் ரப்பர் முனையில் வளையமாகத் தடம் விழுந்திருந்தது. எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் சீக்கிரம் போய்விடுகிறது. நீடில் மாற்றும்வரை ஒரே வழிதான்: ராத்திரி டேப்பை மூடிவிடுவேன். அப்படியும் பிளக் நனைந்தால் சோக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்து ஏழெட்டு உதை. பிடித்ததும் கையை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

*

நான் மூன்று மாதம் பெட்ரோல் பக்கமே தேடினேன். கடைசியில் வால்வை அழுத்தித் திறக்கும் டாப்பெட் இடைவெளியில்லாமல் இறுகி, வால்வு முழுசாக மூடாமல் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) ஒழுகியிருக்கிறது. கிக்கர் மெத்தென்று இறங்கியதை நான் கவனிக்கவே இல்லை.

*

தம்பி, டேப்பை மூடும் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது. ஆனால் புதிதாகப் போட்ட ஃபில்டரில் இன்னும் துருச் சிவப்பு இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை டேங்கை இறக்கி, பழைய நட்டுகளையும் கொஞ்சம் டீசலையும் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்க்கணும்.