மறு: திருப்பத்தில் வரும் சத்தத்துக்கு ஒரு சொல்: அரட்டையா, உதறலா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

> 'டிஃபரன்ஷியல் சேட்டர்' (திருப்பத்தில் பின்னச்சில் வரும் தடதடப்பு) என்பதை 'அச்சு அரட்டை' எனலாமா? பழுதுபார்ப்புக் கையேட்டுக்கு அவசரமாகத் தேவை.

அரட்டை வேண்டாம் ஐயா. கையேட்டைப் பிரிக்கும் மெக்கானிக், பின்னச்சுக்குள் யார் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள் என்று கேட்பார். அந்தச் சத்தம் ஏன் வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். பாதிச் சொல் அங்கேயே கிடைக்கும்.

உங்கள் கையேடு சொல்லும் வண்டி 2005 முதல் 2014 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. எஞ்சின் முன்னால், இழுவை பின்சக்கரங்களில், பின்னால் ஒரே திட அச்சு. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுப்பது டிஃபரன்ஷியல். ஆனால் சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் மணலில் சிக்கிச் சுழன்றால் மற்றது சும்மா நின்றுவிடும். அதைத் தடுக்கத்தான் இந்த வண்டியில் 'டிராக்சன்-லாக்' என்ற ஏற்பாடு. உள்ளே கிளட்ச் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும், ஒரு வில் அவற்றை அழுத்திக்கொண்டே இருக்கும்.

நேராகப் போகும்வரை தொல்லை இல்லை. திரும்பும்போது அந்தத் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியே ஆக வேண்டும். எண்ணெய் பழசாகிவிட்டாலோ, அதில் கலக்க வேண்டிய உராய்வுத் திருத்தி (தட்டுகள் சீராக வழுக்க உதவும் சேர்க்கை) போதவில்லை என்றாலோ, தட்டுகள் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். முறுக்கம் ஏறியதும் சட்டென்று விடும், மறுபடி பிடிக்கும். ஒரு நொடிக்குள் இது பல தடவை நடக்கும். ஓய்வுநிலை உராய்வு இயக்க உராய்வைவிடக் கூடுதலாக இருப்பதால் வரும் வினை இது. கரும்பலகையில் சாக்பீஸ் கிறீச்சிடுவதற்கும் இதுதான் காரணம். வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பினால், பின்சீட்டுக்கு அடியிலிருந்து தடதடவென்று வரும். காதில் விழுவதோடு உட்கார்ந்த இடத்திலும் தெரியும்.

> பேசாமல் 'திருப்பச் சத்தம்' என்று பொதுவாக வைத்தால் எல்லாவற்றுக்கும் பொருந்துமே?

எல்லாவற்றுக்கும் பொருந்துவதுதான் அதன் கோளாறு. சக்கர பேரிங் போனால் ஊங்காரம் வரும். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கம் சாய்வதால், அப்போது ஊங்காரம் ஏறினால் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் பவர் ஸ்டீயரிங் என்றால், வண்டி நிற்கும்போதே முழுக்க ஒடித்தால் பம்ப் முனகும். மஸ்டாங்கில் 2011இலிருந்து மின்சார ஸ்டீயரிங், அதனால் அங்கே பம்பைத் தேடிப் பயனில்லை. 'டக் டக் டக்' என்று எண்ணக்கூடிய மாதிரி வந்தால் சி.வி. ஜாயின்ட் (அச்சுத்தண்டு கோணம் மாறினாலும் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் இணைப்பு) என்று எல்லோரும் சொல்வார்கள். முன்சக்கர இழுவை வண்டிக்கு அது சரி. இந்த மஸ்டாங்கில் முன்சக்கரத்துக்குச் சுழலும் அச்சுத்தண்டே கிடையாது, பின்னச்சோ திடமானது. இல்லாத ஜாயின்டை மாற்றச் சொல்லி எவ்வளவு ஆலோசனை வருகிறது! (2016இல் இந்தியாவுக்கு வந்தது அடுத்த தலைமுறை. அதில் பின்னால் தனித்தனி சஸ்பென்ஷன், ஜாயின்டும் உண்டு. ஆனால் அந்தச் சக்கரங்கள் ஸ்டீயரிங்கோடு ஒடிவதில்லை.)

இன்னொன்றும் இருக்கிறது. அகலமான கோடைக்கால டயர் போட்ட போர்ஷே போன்ற வண்டிகளைக் குளிர்ந்த காலையில் முழுக்க ஒடித்து நகர்த்தினால் முன்டயர் தத்தித் தத்திப் போகும். முழு ஒடிப்பில் இரண்டு முன்சக்கரங்களும் ஒரே மையத்தைச் சுற்றி ஓடாததால், விறைத்த ரப்பர் தரையைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. பழுதொன்றும் இல்லை. காரணம் டிஃபரன்ஷியலில் பார்த்த அதே பிடித்து விடுதல்தான், இடம் மட்டும் வேறு.

இங்கேதான் எனக்கு வழி தெரிகிறது. காரணத்துக்கு ஒரு சொல், அறிகுறிக்கு ஒரு சொல் என்று பிரித்துவிடலாம். காரணத்துக்கு 'பற்றுவழுக்கல்': டயருக்கும் ஆகும், கிளட்ச் தட்டுக்கும் ஆகும். அறிகுறிக்கு 'உதறல்'. பட்டறையில் "வண்டி உதறுது" என்பது அன்றாடப் பேச்சு. நாம் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. இடத்தை முன்னால் சேர்த்தால் போதும்: பின்னச்சு உதறல், கிளட்ச் உதறல், டயர் உதறல்.

குழுவில் முன்பு ஒருவர் சொன்ன 'பிடிநழுவல்' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிடி நழுவியது என்றால் டயர் தரையை விட்டுக்கொடுத்துவிட்டது என்றுதான் ஓட்டுநர் எடுத்துக்கொள்வார். 'நடுக்கம்' வேண்டாம், வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குவதற்கு அது ஏற்கெனவே போய்விட்டது.

> உராய்வுத் திருத்தியை 'மசகுச் சேர்மம்' என்றால் எளிதாக இருக்காதா?

தமிழ்நாட்டில் எளிது. இலங்கைச் செய்திகளில் மசகு எண்ணெய் என்றால் கச்சா எண்ணெய். யாழ்ப்பாணத்துப் பட்டறையில் கையேட்டைப் படிப்பவர் அச்சுக்குள் அதை ஏன் ஊற்றச் சொல்கிறார்கள் என்று திகைப்பார். அதனால் உராய்வுத் திருத்தியே இருக்கட்டும்.

கையேட்டு வாக்கியம் இப்படி வரலாம்: "மெதுவான முழுத் திருப்பத்தில் பின்னச்சு உதறல் இருந்தால், அச்சைப் பிரிக்கும் முன் எண்ணெயை மாற்றி, 118 மி.லி. உராய்வுத் திருத்தி சேர்த்து, திறந்த வெளியில் எட்டு வடிவில் மெதுவாகச் சில சுற்று ஓட்டவும்." புது எண்ணெய் தட்டுகளுக்கு இடையில் புகுவதற்குத்தான் அந்த எட்டு. அப்புறமும் உதறினால் தட்டுகளைப் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஓட்டிய பிறகு மெதுவான திருப்பத்தில் லேசாக உதறினால் அது இயல்பே என்ற குறிப்பையும் சேருங்கள். இல்லாவிட்டால் நல்ல அச்சைப் பிரித்துப் போடுவார்கள்.

---

மறுமொழி:

> பின்னச்சு உதறல் என்றால் எல்லா ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே மருந்துதானா? மாஸ்டா எம்.எக்ஸ்.-5 பற்றியும் கையேட்டில் ஒரு பக்கம் உண்டு.

இல்லை அம்மா. 1994இல் அந்த வண்டியில் அறிமுகமான டார்சன் வகை டிஃபரன்ஷியலில் பற்சக்கரங்களே வேலையைச் செய்கின்றன, கிளட்ச் தட்டு அடுக்கு இல்லை. அங்கே உதறல் வந்தால் இந்தத் திருத்தியை ஊற்றிக் காத்திருக்க வேண்டாம், வேறு இடத்தில் தேட வேண்டும். அறிகுறிச் சொல்லைக் காரணச் சொல்லோடு ஒட்டாமல் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். மறுப்பு இல்லையென்றால் 'பற்றுவழுக்கல்', 'பின்னச்சு உதறல்' இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். டிஃபரன்ஷியலுக்கே தமிழ்ச் சொல் வேண்டும் என்பவர்கள் தனி இழை தொடங்குங்கள். அது இந்த வாரத்தில் முடிகிற விவகாரம் இல்லை.