அப்பாவை இழந்த 15 வயதுப் பையனிடம் வாட்ஸ்அப்பில் என்ன பேசுவது?

சேந்தன்62: தங்கை மகன். அவன் அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகிறது. நான் வேறு நாட்டில் இருப்பதால் வாட்ஸ்அப்தான் ஒரே வழி. "எப்படிப்பா இருக்க?" என்று கேட்டால் "ம்" என்று வரும், இல்லாவிட்டால் நீல டிக்கோடு சரி. ஆனால் நள்ளிரவு வரை ஆன்லைனில் கேம் ஆடுகிறான். துக்கமே இல்லையா, மறைக்கிறானா?

நல்லினி: துக்கம் இருக்கிறது ஐயா. அழுது தீர்ப்பதும், பிறகு அதிலிருந்து விலகி வேறொன்றில் மூழ்குவதும் மாறி மாறித்தான் நடக்கும். துக்கத்தை ஆராய்ந்த ஸ்ட்ரோபே, ஸ்குட் இருவரும் 1999-இல் விளக்கியது இந்த ஊசலாட்டத்தைத்தான். பிள்ளைகளிடம் அது இன்னும் வேகமாக மாறும். கேமைக் குறை சொல்லாதீர்கள். முடிந்தால் ஒரு கேமைக் கற்றுக்கொண்டு அவனோடு ஆடுங்கள். முகம் பார்க்காமல் ஆடும்போது பேச்சு தானாக வரும்.

கேள்வியாக அனுப்புவதை நிறுத்துங்கள். "எப்படி இருக்க" என்பதற்கு அவனிடமே பதில் இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை ஒரு படமோ அரை நிமிட வாய்ஸ் நோட்டோ போதும். "பதில் போடணும்னு இல்லடா" என்று சேர்த்துவிடுங்கள். அப்பா பேச்சைத் தவிர்க்காதீர்கள். அவன் பிறப்பதற்கு முன் அவர் எப்படி இருந்தார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பள" மட்டும் வேண்டவே வேண்டாம். அழுவதற்கு அவனுக்கு இருக்கும் இடத்தையும் அது பறித்துவிடும்.

பழுதுநீக்கி: இதை யாரும் சொல்வதில்லை. 120 நாள் பயன்படுத்தாவிட்டால் இறந்த அப்பாவின் வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக அழிக்கப்படும். பழைய உரையாடல் பையனின் போனில் இருக்கும். அப்பாவின் படம் மறைந்துவிடும். ரீசார்ஜ் நின்றால் அந்த எண் வேறு யாருக்காவது போகும். ஒருநாள் "அப்பா" என்ற பெயரில் முன்பின் தெரியாத முகம் வந்து நிற்கும். தங்கையிடம் சொல்லி சிம்மை உயிரோடு வைத்திருந்து, அவ்வப்போது அந்த போனில் வாட்ஸ்அப்பைத் திறக்கச் சொல்லுங்கள். அப்பாவின் வாய்ஸ் நோட்டுகளைப் பையனின் சம்மதத்தோடு வேறு இடத்தில் சேமியுங்கள். செய்திகள் தானாக மறையும் வசதி ஆனில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

சேந்தன்62: சிம் விஷயம் யோசிக்கவே இல்லை, இன்றே சொல்கிறேன். "நான் இருந்து என்ன" என்கிற மாதிரி எழுதினால்?

மணிமொழி: நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் வராது. பொருள்களை எடுத்துக் கொடுப்பது, விடைபெறுவது போல எழுதுவது இரண்டும் உடனே கவனிக்க வேண்டியவை. அவனோடு தொடர்பைத் துண்டிக்காமல் இன்னொரு போனில் தங்கையைக் கூப்பிடுங்கள். உங்கள் நாட்டு அவசர எண் அவனுக்கு உதவாது. அவன் ஊர் அவசர எண்ணையும், பக்கத்து வீட்டுக்காரர், உறவினர் ஒருவரின் எண்களையும் இப்போதே எழுதி வையுங்கள். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உயிருக்கு ஆபத்துன்னா அம்மாகிட்ட சொல்லுவேன், மத்தது நம்மோடு" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆறு மாதம் கடந்தும் பெரும்பாலான நாள்கள் தீராத ஏக்கத்திலேயே போய், பள்ளி, தோழமை எல்லாம் முடங்கிக் கிடந்தால் மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு ஓராண்டு என்றால், இந்த வயதுக்கு 2022-இன் அமெரிக்க மனநல வகைப்பாடு வைத்திருக்கும் கெடு ஆறு மாதம்தான். ஆபத்து தெரிந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம்.